நாவலும் வாசகர் பருவமும்

மாணாக்கனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து பாடம் சொல்லுதல் வேண்டும் என்பது நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கு விதித்த கடமை. பருவம் நோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தது; உலா மகளிர் பருவத்தை ஏழாக வகுத்தது. எனினும் இவை பாடப்படுவோருடைய பருவங்களேயன்றிப் படிப்போருடைய பருவங்கள் அல்ல. ஒரு நாவல் எப்பருவத்தார் கையில் இருத்தல் தக்கது என்னும் வினாவை நூலகருக்கும் பள்ளியாசிரியருக்கும் உரிய சிறு வினாவாகக் கருதித் திறனாய்வாளர் பெரும்பாலும் ஒதுக்கியே வந்துள்ளனர். அவ்வினா திறனாய்வுக்கே உரியது என்பதும், அதற்கு விடை தேடும் முயற்சியில் நாவலின் எடுத்துரைப்பைப் பற்றி நாம் அறியத்தக்கன பல உள என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் அமைந்த சமயநல்லூரிலிருந்தும், அதனை அடுத்த சோழவந்தான், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலிருந்தும் வந்து நம்மிடம் முதுகலை பயில்வோருட் பலர் பின்னர் அப்பகுதிப் பள்ளிகளிலேயே தமிழாசிரியராக அமர்கின்றனர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தொடங்கி நாவலின் வரலாற்றை இவர்கள் முறையாகக் கற்றவர்கள். ஆயினும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, அடுத்து எந்த நாவலைப் படிக்கட்டும்?" என்று கேட்பாளாயின், இவர்கள் தயங்குகின்றனர். தயங்கியபின் அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் பொன்னியின் செல்வன் என்பதாகவே இருக்கும். கல்கியின் அந்நாவல்பால் நமக்குக் குறையொன்றும் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் தொடராக வந்த ஒரு நாவலுக்குப் பின் தமிழில் அவளுக்கென ஒன்றும் தோன்றவில்லை என்னும் எண்ணத்தை அவ்விடை விளைவிக்கின்றதே என்பதுதான் நம் கவலை.

வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் உளர் என்னும் கருத்தைத் தம் ஐந்து விதிகளுள் வைத்து 1931-இல் வெளியிட்டவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய முயற்சியின் பயனாக 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. மதுரையிலும் 2023 சூலை 15-ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பெற்றது. சிறார்க்கெனத் தனிப் பகுதியும் அதன்கண் உண்டு. ஆகவே நூல் இல்லை என்று இனிக் கூறுதற்கில்லை. எதனை யார்க்கு எடுத்துக் கொடுப்பது என்னும் தெளிவே வேண்டப்படுவது.

இன்று வழக்கிலுள்ள அளவுகோல்கள் இரண்டு. ஒன்று சொல்லின் எளிமை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பகுத்தமை எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனை வளர்ப்பதற்கு மிகவும் பொருந்துவதே. ஆனால் பறக்கக் கற்ற பிள்ளை எங்குப் பறப்பது என்பதை அப்பகுப்பு கூறாது. கூறுதல் அதன் நோக்கமும் அன்று. மற்றொன்று பொருள். கொலை, காமம், சாதி, சாவு ஆகியவை வரின் அது பெரியோர் நூல். முயலும் மயிலும் வரின் அது சிறுவர் நூல் என்பது பலருடைய எண்ணம். இவ்விரண்டாம் அளவுகோலே பிழைபட்டது என நாம் கருதுகின்றோம். ஒரு நாவலின் பருவத்தைத் தீர்மானிப்பது அது எதனைப் பற்றியது என்பதன்று. துன்பம் நேரும்போது அந்நாவல் தன் மாந்தரை யாரிடம் விடுகின்றது என்பதே. இதனை அண்மைக் காலத்து நூல்கள் சிலவற்றைக் கொண்டு காண்போம்.

எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020-ஆம் ஆண்டுக்குரிய பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற சிறார் நாவல். சிறுவர்க்கெதிரான பாலியல் தொல்லையே அதன் பொருள். பொருள்வழி நூலைப் பகுப்போர் இதனை எடுத்த எடுப்பிலேயே உயர் அலமாரிக்கு ஏற்றிவிடுவர். அவ்வாறு ஏற்றப்பட்ட பள்ளிகளும் உண்டு. ஆயின் நூலினுள் நிகழ்வது யாது? மரப்பாச்சிப் பொம்மை ஒன்று சிறுமியோடு பேசுகின்றது. வீட்டிலுள்ள பெரியோரிடம் வாய் திறக்க இயலாத ஒன்றை அவள் அதனிடம் கூறுகின்றாள். கூறியபின் என்ன செய்யலாம் என்னும் துணிவும் அவளுக்குப் பிறக்கின்றது. கொலுவிற்கும் குழந்தை விளையாட்டிற்கும் உரிய மரப்பாச்சி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வீட்டுப் பெண்மக்களின் கையிலிருந்த பொருள். அதனைத் துணைப்பாத்திரம் ஆக்கியது வெறும் மாயக்கதை உத்தி அன்று. பிள்ளையின் கைக்கு எட்டும் தொலைவில் உதவி உண்டு என்பதனைப் பிள்ளைக்குத் தெரிந்த பொருளைக் கொண்டே ஆசிரியர் உணர்த்துகின்றார். துன்பம் பெரியது, அச்சிறுமியோ ஓரிடத்தும் தனியே விடப்படவில்லை. ஆகவே இது எட்டு ஒன்பது வயதுச் சிறார்க்கு உரிய நூலே. அவர்க்கு இதனைத் தராது மறைப்பார், மறைப்பதன் வாயிலாக யாரைக் காக்கின்றனர் என்பதைத் தம்முள் எண்ணிப் பார்த்தல் நன்று.

உதயசங்கரின் ஆதனின் பொம்மை, 2023-ஆம் ஆண்டிற்கு அவ்விருதைப் பெற்றது. கீழடிக்கு வரும் இக்காலச் சிறுவன், பொம்மை ஒன்றன் வழியே ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஆதன் என்னும் சிறுவனைச் சந்திக்கும் கதை அது. ஆதன் என்னும் பெயர் கீழடிப் பானையோடுகளில் தமிழி எழுத்திற் கிடைத்த பெயர் என்பதை நம் வாசகர் அறிவர். மதுரையைச் சுற்றியுள்ள பிள்ளைகட்கு இந்நூல் தரும் இன்பம் பிற இடத்தார்க்குக் கிட்டாதது. சமயநல்லூரை அடுத்த தேனூரில் தமிழி எழுத்துப் பொறித்த பொற்கட்டிகள் கிடைத்த செய்தியை ஆசிரியர் இக்கதையோடு சேர்த்துக் கூறுவாராயின், தாம் மிதித்து நடக்கும் மண்ணின் அடியிலும் ஓர் ஆதன் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் அவர்கட்கு எழும். ஒன்றனை மட்டும் ஆசிரியர் நினைவிற் கொள்ளல் வேண்டும். அகழ்வாய்வு தந்தவை ஓடும் செங்கல்லும் உறைகிணறும் மணிகளும் ஆகும். ஆதனின் பேச்சும் சிரிப்பும் கதையாசிரியர் தந்தவை. இரண்டற்கும் உள்ள வேற்றுமையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உணரவல்லது. உணர்த்தாமல் விட்டால் கதையும் கெடும், வரலாறும் கெடும். 2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன்னர் இந்நூலைப் படிப்பிக்கலாமா, பின்னரா எனக் கேட்பின், பின்னர் என்பதே நம் விடை. பொருளைக் கண்ட கண் கதையை அளந்து கொள்ளும்.

சிறார் நாவல் இவ்வாறு நல்ல நிலையில் உள்ளது. 2010-இல் தொடங்கிய பால சாகித்திய விருதும், அண்மைக் காலத்தில் சிறார் நூலுக்கெனவே தோன்றிய பதிப்பகங்களும் இதற்குத் துணை. விஷ்ணுபுரம் சரவணன், யூமா வாசுகி ஆகியோர் நூல்களையும் தயக்கமின்றி வாங்கி வைக்கலாம். இனி மறுகரையாகிய பெரியோர் நாவலைக் கண்டபின், இரண்டிற்கும் இடைப்பட்ட ஆற்றில் இறங்குவோம். ஆழம் அங்குத்தான்.

பெரியோர்க்குரிய நூல்களைப் பற்றி விரித்தல் வேண்டா. சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலே சோ. தர்மனின் சூல், எஸ். ராமகிருஷ்ணனின் சஞ்சாரம், தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் எனப் பலவற்றை நினைவூட்டும். இவற்றுள் சூல் வைகைக் கரையார்க்குச் சிறப்பாக வேண்டப்படுவது. 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீரால் வளம் பெற்ற இப்பகுதியார்க்கு, மழையொன்றையே நம்பிய கரிசல் நிலத்துக் கண்மாயின் வாழ்வு அயலானது. ஒரு கண்மாய் நிறைதலும் வற்றுதலும் ஓர் ஊரின் அறத்தோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதனை உருளைக்குடியைக் கொண்டு தர்மன் காட்டுகின்றார்.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் (2008) நம் பகுதியின் நாவல். கி.பி. 1310 முதல் 1910 வரை அறுநூறு ஆண்டுகளை ஆயிரம் பக்கங்கட்கு மேற்பட்ட பரப்பில் அது கூறுகின்றது. அதன் தாதனூர், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள கீழக்குயில்குடியை அடியாகக் கொண்டது. நாயக்கர் ஆட்சியைக் கூறும் முற்பகுதி பல இடங்களில் வரலாற்றுக் குறிப்பாகவே நின்றுவிடுகின்றது என்பதை மறைத்தற்கில்லை. களவும் காவலும் ஒரே கையின் இரு பக்கங்களாக விளங்கிய தாதனூர் வாழ்வும், ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டதும், ஊர்க்காவலின் இடத்தில் காவல் துறை வந்து அமர்ந்ததும் கூறப்படும் இடங்களிலேயே நாவல் உயிர் பெறுகின்றது. இதனைத் தம் குடியின் வீரப் பட்டயமாக மட்டும் படிப்போர் இப்பகுதியில் உளர். அவர்கள் ஒன்றை எண்ண வேண்டும். நாவல் முடிந்த மறு ஆண்டாகிய 1911-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கு விரிவடைந்தது; 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இவற்றை அறிந்த வாசகர்க்கு அந்நாவல் வெற்றிக் கதையாகத் தோன்றாது. நூலுக்கு வெளியே நிகழவிருப்பதைத் தானே கொண்டுவந்து சேர்க்கும் வாசகரை அது வேண்டி நிற்கின்றது. பெரியோர் நாவல் என்று நாம் கூறுவதன் ஒரு பொருள் இதுவே.

மற்றொரு பொருளை இமையத்தின் செல்லாத பணம் காட்டும். பொறியியல் பயின்ற மகள், பெற்றோர் விருப்பத்திற்கு மாறாகத் தானி ஓட்டுநர் ஒருவரை மணக்கின்றாள். தீப்புண்ணோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகின்றாள். நாவலின் பெரும்பகுதி அத்தீக்காயப் பிரிவின் உள்ளும் வெளியுமாக, காத்திருப்போர் பேச்சாகவே செல்கின்றது. சொல் மிக எளிது. பத்தாம் வகுப்பு மாணவர் தடையின்றிப் படித்துவிடுவர். சொல்லின் எளிமை நோக்கி இதனை அவர்கட்குத் தருவது பிழையாகும். அவ்வாயிலில் நிற்போர்க்கு எவர் துணையும் இல்லை. பணமும் அன்பும் சினமும் கழிவிரக்கமும் ஒருங்கே பயனற்றுப் போகின்றன. ஆசிரியர் ஆறுதலாக ஒரு சொல்லையும் இடுவதில்லை. தந்தையின் பிடிவாதத்தில் அன்பையும், அன்பிற் பிடிவாதத்தையும் காணும் கண் சற்று வாழ்ந்தபின் வருவது. பதினைந்து வயதில் இந்நாவலைப் படிப்பவர் பெற்றோர் சொற் கேளாதவள் கெட்டாள் என்னும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடும். அது நூலுக்கு இழைக்கும் தீங்கு.

இனிப் பதின்பருவம். அமெரிக்க நூலகத்தார் 1957-லேயே இளையோர் நூற்பணிக்கெனத் தனிப் பிரிவு கண்டனர். பத்தாண்டு கழித்து, 1967-இல், எஸ். இ. ஹின்டன் என்னும் பெண் பதின்பருவத்திலேயே எழுதிய தி அவுட்சைடர்ஸ் வெளிவந்து அவ்வகைக்கு அடிக்கல் ஆயிற்று. தமிழிலோ பதின்பருவத்தார்க்கெனவே எழுதும் முயற்சி அண்மையில்தான் அரும்பியுள்ளது. ஆகவே இவ்விடை அலமாரியை நிரப்பப் பெரியோர் நாவல்களுள் புகுந்து தேர்ந்தெடுத்தலே இப்போதைக்கு வழி. பலரும் கைநீட்டுவது சு. வெங்கடேசனின் வேள்பாரியை. ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை தொடராக வந்து இளைஞரைப் பெருந்திரளாக ஈர்த்தது அது. கபிலர் பறம்பிற்கு விருந்தினராக வந்து அம்மலையைக் கற்பதும், வாசகர் அவருடன் சேர்ந்து கற்பதும் நல்ல அமைப்பு. ஆயின் பாரி தன்னை ஐயுறுவதில்லை. தன்னை ஐயுறாத தலைவனோடு பதினைந்து வயது வாசகன் எத்துணைத் தொலைவு செல்ல இயலும்? அவ்வயதோ தன்னையே ஐயுறும் வயது. ஆகவே தொடக்கமாகத் தரலாம், அதனோடு நிறுத்தலாகாது.

நாம் தேர்வது மூன்று. அவற்றுள் பெருமாள்முருகனுடையவை இரண்டு. கூளமாதாரி (2000), பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையனையும் அவன் தோழரையும் பற்றியது. மேய்ச்சல் நிலத்தில் அவர்கள் பிள்ளைகள். பண்ணையக்காரர் முற்றத்தில் ஆட்கள். பண்ணையக்காரர் மகனோடு கூளையனுக்குள்ள நட்பு இவ்விரு நிலைகட்கு இடையே கிடந்து தவிக்கின்றது. கொங்கு வட்டார வழக்கு மதுரை மாணவர்க்கு முதல் இருபது பக்கங்களில் இடர் தரும். பின்னர் அதுவே சுவையாகும். பூனாச்சி (2016) ஒரு வெள்ளாட்டின் கதை. மாதொருபாகன் வழக்கில் 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் ஆசிரியர் தம் மௌனத்தைக் கலைத்து எழுதிய நாவல் அது. காது குத்தி அடையாளம் இடும் அரசும், வரிசையில் நின்று விடை கூறும் குடிகளும் அதில் வருகின்றனர். அங்கதம் என்னும் சொல்லை இலக்கண வகுப்பில் மட்டும் கேட்டறிந்த மாணவர்க்கு அதன் வலிமை இந்நூலில் விளங்கும்.

மூன்றாவதே வழக்கிற்குரியது. பூமணியின் வெக்கை 1982-இல் வெளிவந்தது. அண்மைக்கால நூல் அன்று. எனினும் 2019-இல் அசுரன் என்னும் திரைப்படமாகவும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் மறுபிறப்பு எய்தியமையால் இன்றைய மாணவர்க்கு அது புதிய நூலே. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்வித்தவனை அரிவாளால் வெட்டுகின்றான். பின்னர்த் தந்தையோடு காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகின்றான். 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர் உடன் பயிலும் மாணவனை வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளிற் சாதி உணர்வு வேரூன்றியுள்ளமை குறித்து 2024-இல் அறிக்கை அளித்தது. இந்நிலையில் அரிவாள் ஏந்திய சிறுவனின் கதையைத் தென்மாவட்டச் சிறுவன் கையிற் கொடுப்பதா என ஆசிரியர் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை.

ஆயின் நூலைக் காண்க. வெட்டு முதற் பக்கங்களிலேயே முடிந்துவிடுகின்றது. கையை வெட்ட எண்ணியவன் உயிரையே எடுத்துவிட்டதை உணர்கின்றான். எஞ்சிய நாவல் முழுதும் அதன் பின்விளைவு: பசி, கால் நோவு, தாயின் நினைவு, குரைக்கும் நாய்க்கு அஞ்சும் இரவு, இறுதியில் நீதிமன்றம் நோக்கிய நடை. திரைப்படம் தந்தையை வீரனாக்கியது. நாவல் சிறுவனின் கண்ணை விட்டு நீங்குவதில்லை. சாதிப் பெயரை ஆசிரியர் வெளிப்படக் கூறாமையால், வாசகன் தன் குடியைக் கொண்டு பக்கம் சேர்தற்கும் இடமில்லை. ஹின்டனின் நாவலிலும் சிறுவன் ஒருவன் கொலை புரிந்து தோழனுடன் ஓடி ஒளிகின்றான். ஆங்குப் பெரியோர் எவரும் உடன் இல்லை. ஈண்டுத் தந்தை உடன் நடக்கின்றார். அவர் மகனைப் போற்றுவதும் இல்லை, பழிப்பதும் இல்லை. சோறு பொங்கித் தருகின்றார், வழி காட்டுகின்றார், தம் இளமைக் கதை கூறுகின்றார். மரப்பாச்சி சிறுமியின் துன்பத்தை நீக்கத் துணைநின்றது. பரமசிவம் நீக்க இயலாததனை மகனோடு சேர்ந்து சுமக்கின்றார். இளையோர் நாவலைச் சிறார் நாவலினின்றும் பிரிப்பது இவ்வேறுபாடே. செல்லாத பணத்தில் அச்சுமை பகிர்தலும் இல்லை. வெக்கையைப் பதினைந்து வயது மாணவர்க்குத் தருக. தந்தபின் அவர் தனியே படிக்குமாறு விடற்க. ஆசிரியர் உடன் படித்தல் வேண்டும் என்பதற்கு அந்நூலின் அமைப்பே சான்று.

இம்மூன்றும் ஆண்மக்கள் கதையும் ஆட்டின் கதையும் ஆயின. தொடக்கத்தில் வினவிய அம்மாணவிக்கு யாது தருவது என ஒருவர் கேட்கலாம். சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை (2004) நம் நினைவிற்கு வருகின்றது. ராபியா என்னும் சிறுமி, தன் வீட்டு மகளிரின் பேச்சைக் கேட்டும் கேளாமலும், விளங்கியும் விளங்காமலும் வளர்கின்றாள். அவள் கண்ணிற்படும் பகுதிகள் பதின்பருவத்தார்க்கே உரியவை. மூத்த மகளிர் தமக்குள் வெளிப்படையாகப் பேசும் பகுதிகளை நோக்கின், நம் அளவுகோலின்படியே, அவை துணையற்றோர் பேச்சு, பெரியோர்க்கு உரியவை. ஒரே நாவல் இரு பருவத்திலும் கால் ஊன்றி நிற்கின்றது. நூலைக் கத்தரித்துச் சுருக்கித் தருதல் நமக்கு உடன்பாடன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வரும் ஆண்டில், முதற்பருவப் பாடமாக அன்றி நூலகப் படிப்பாக இதனை மாணவியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே தரலாம் என்பது நம் கருத்து. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அதுவரை பூனாச்சி இருக்கின்றது. அதுவும் ஒரு பெண்ணின் கதையே.